சாம்பிள் அண்ணாச்சியும் அமெரிக்க மார்க்கும்

கரிசல் காட்டில் மழை பெய்தால்கூட, முதல் நாலு சொட்டை உள்ளங்கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, "சரி, மேக்கொண்டு பெய்யட்டும்" என்று மேகத்துக்கு அனுமதி கொடுக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சாம்பிள் அண்ணாச்சிதான். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு என்றால் எனக்கு எழுதுங்கள். நம்ப மாட்டேன், ஆனாலும் எழுதுங்கள்.

கோவில்பட்டியில் அவருடைய கமிஷன் கடைக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. போர்டில்தான் ஜெராக்ஸ். பட்டா மாறுதல் முதல் பாஸ்போர்ட் வரை ஆன்லைனில் என்னவெல்லாம் விண்ணப்பிக்கலாமோ அத்தனையும் போட்டுக் கொடுப்பேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினால் அண்ணாச்சி முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது கரண்ட் பில்லில் மட்டும் புழங்குகிறது.

பசுவந்தனையிலிருந்தும் எப்போதும்வென்றானிலிருந்தும் சம்சாரிகள் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் கொண்டுவந்து இறக்குவார்கள். அண்ணாச்சி இடுப்பிலிருந்து குத்தூசியை உருவுவார். நடுவில் பள்ளம் விட்ட இரும்பு ஊசி அது. மூட்டையில் குத்தி இழுத்தால், தையலைப் பிரிக்காமலே உள்ளே இருக்கிற தானியம் கொஞ்சம் வெளியே வரும். அதைக் கையில் குலுக்கி, காதருகே வைத்துக் கேட்டு, ரெண்டைப் பல்லில் கடித்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் கடையில் யாரும் இருமக்கூடாது. மிளகாய் வத்தல் வந்தால் ஒடித்து முகர்ந்து, வருகிற தும்மலை வைத்து ரகம் பிரிப்பார். "பாக்காத சரக்க நான் ஏத்துனதும் இல்ல, எறக்குனதும் இல்ல" என்பது அவர் தினமும் சொல்கிற வாசகம். சாமி கும்பிடும்போதும் அதைத்தான் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

இந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? டீக்கடையில் ஒரு மடக்கு ஊற்றச் சொல்லிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் டீ சொல்லுவார். கடலை மிட்டாய்க் கடைக்காரர்கள் இவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்து உடைந்த துண்டுகளை எடுத்து முன்னால் வைத்துவிடுவார்கள். தீப்பெட்டி வாங்கினால் பெட்டியில் பாதியைக் கொளுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பத்துது" என்று திருப்தியோடு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோவார். தீப்பெட்டி செய்கிற ஊரிலேயே இப்படி என்றால் பாருங்கள். கல்யாண வீட்டில் நேராக ஆக்குப்பறைக்குப் போய் சாம்பார், ரசம், அவியல் என்று வரிசையாக ருசி பார்ப்பார். ஒரு தடவை சாம்பிள் அவ்வளவு நன்றாக இருந்துவிட்டதால், பந்தியில் உட்காரும்போது வயிற்றில் இடமில்லை.

என் கடைக்கு முதன்முதலாக வந்தபோது ஒரு பத்திரத்தை நீட்டி, "அரைப் பக்கம் எடும்மா பாப்போம்" என்றார். அரைப் பக்கம் ஜெராக்ஸ் கேட்ட ஒரே வாடிக்கையாளர். எனக்கு முன்கோபம் அதிகம். "அண்ணாச்சி, இது என்ன புடவைக் கடையா, கிழிச்சுக் காட்டுறதுக்கு?" என்று கத்தினேன். அவர் அசரவில்லை. மிஷினைத் தொட்டுப் பார்த்து, "சூடு பரவால்ல. எடு" என்றார்.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். கயத்தாறுக்காரர். பெண் பார்த்த கதையை மதினியே சொல்லியிருக்கிறார். "பொண்ணு பாக்க வாரதுக்கு முந்துன வாரமே இவிய எங்க வீட்டுக்கு வந்துட்டாவ. உளுந்து வாங்குத யாவாரின்னு சொன்னாவ. வீட்ல அப்பா இல்ல. நாந்தான் மூட்டையப் பிரிச்சிக் காமிச்சேன். நல்ல உளுந்து. ஆனா ஆளு உளுந்தப் பாக்கவே இல்ல." இதைச் சொல்லும்போது மதினிக்கு இன்னும் முகம் சிவக்கும். அண்ணாச்சி பக்கத்தில் இருந்தால், எங்கேயோ லாரி வந்துவிட்டது மாதிரி எழுந்து போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்கு செண்பகா என்று ஒரே மகள். கணக்கில் புலி. பிளஸ் டூ படிக்கும்போதே, வானத்தைப் பற்றிப் படிக்க அமெரிக்காவுக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டாள். அதற்கான கல்லூரிகளைப் போனிலேயே தேடி வைத்திருந்தாள். முழு உதவித்தொகை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கலாம். ரெண்டுக்கும் நடுவில் வேறு வழி அந்த வீட்டில் கிடையாது.

அங்கே உள்ள கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பரீட்சை இருக்கிறது. பாதி ஆங்கிலம், பாதி கணக்கு. எழுதி ரெண்டு வாரம் கழித்துத்தான் மார்க் வரும். இதில் ஒரு சலுகை. பரீட்சை முடிந்த சில நாட்களுக்குள் நாலு கல்லூரிகளின் பெயரைக் கொடுத்துவிட்டால், மார்க் வந்த கையோடு பரீட்சை நடத்துகிறவர்களே காசில்லாமல் அனுப்பிவிடுவார்கள். ஆனால் மார்க் என்னவென்று நமக்குத் தெரிவதற்கு முன்பே பெயரைக் கொடுத்தாக வேண்டும். பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்றால் காசு கட்ட வேண்டும், போய்ச் சேரவும் சில நாள் பிடிக்கும். இந்த விதியை எழுதியவருக்குக் கோவில்பட்டியில் இப்படி ஒருவர் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆகஸ்டில் முதல் பரீட்சையை மதுரையில் எழுதிவிட்டு வந்து, செண்பகா என் கடையில் உட்கார்ந்தாள். "அக்கா, நாலு காலேஜ் பேரப் போடுங்க. ஓசிதான்." நான் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி எதிர்க்கடையிலிருந்து மூக்கில் வியர்த்து வந்து நின்றார்.

"என்னத்த அனுப்புதீங்க?"

"மார்க்குப்பா."

"எத்தன மார்க்கு?"

"இன்னும் வரலப்பா. வந்ததும் அவியளே அனுப்பிருவாவ."

"நீ பாக்குறதுக்கு முந்தியா?"

"ஆமாப்பா. ஓசின்னா அப்படித்தான்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, போன மார்க்கு சரியில்லன்னா திருப்பி வாங்கிக்கிடலாமா?"

"முடியாது அண்ணாச்சி."

"அப்ப எறக்கு."

"எதை இறக்க?"

"ஏத்துனத எறக்கும்மா. நாலு பேரையும் அழி. ஓசி லாரி நிக்குதுன்னு மூடுன மூட்டைய எவனாவது ஏத்தி விடுவானா?"

நான் சும்மா இருக்கவில்லை. கல்லூரி வேறு, மண்டி வேறு என்று தொண்டை வறளச் சொன்னேன். செண்பகா கண்ணால் கெஞ்சினாள். அண்ணாச்சி நாலு பெயரும் திரையிலிருந்து போகிறவரை நகரவில்லை.

ரெண்டு வாரம் கழித்து மார்க் வந்தது. கணக்கில் முழுசாக வாங்கியிருந்தாள். ஆங்கிலம் தரையோடு படுத்திருந்தது. நாலு கல்லூரிக்கும் அது போயிருந்தால், ஆங்கிலத்தைப் பார்த்த கையோடு மூடி வைத்திருப்பார்கள். செண்பகா எழுந்தாள். டீக்கடைக்குப் போய் அப்பாவுக்கு ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தாள். நான் கும்பிடு போடாத குறைதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர், அமெரிக்காவின் சலுகையையே வேண்டாம் என்று தள்ளி ஜெயித்துவிட்டாரே!

பஜார் முழுக்கச் செய்தி பரவியது. பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கமிஷன் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சி, எம்பையன் பிளஸ் டூ மார்க்க எப்ப அனுப்பட்டும்?" அதையெல்லாம் அரசாங்கமே அனுப்பிவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அது அண்ணாச்சிக்குத் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. "கொஞ்சம் பொறு" என்பார். அவர்களும் நிம்மதியாகப் பொறுத்துக்கொண்டார்கள்.

இந்தப் புகழ்தான் வம்பாகிவிட்டது. "அக்டோபர்ல மறுபடி எழுதுதேம்ப்பா" என்றாள் செண்பகா. அண்ணாச்சி யோசித்தார். அக்டோபரில் யாரெல்லாம் எழுதுவார்கள் என்று என்னைக் கேட்டார். உலகம் முழுக்க எழுதும் என்றேன்.

"அதான் சொல்லுதேன். வரத்து கூடுன நாள்ல சரக்க எறக்குனா வெல விழுந்துரும். எல்லாவனும் எறக்கி முடிக்கட்டும். நீ டிசம்பர்ல எழுது. வரத்து கொறையும், உன் மார்க்குக்கு வெல ஏறும்."

உளுந்துக்கு இது ரொம்பச் சரி. அறுவடை முடிந்த கையோடு எல்லோரும் கொண்டுவந்து கொட்டும்போது விலை கிடைக்காது. வைத்திருந்து விற்கிறவன்தான் பிழைப்பான். ஆனால் கல்லூரிக்காரனுக்கு விலை ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. இதை யார் சொல்வது? ஒரு தடவை ஜெயித்தவர் பேச்சுக்குப் பஜாரில் எதிர்ப்பேச்சு கிடையாது. டிசம்பர் என்று முடிவானது.

அந்த மாதங்களில் செண்பகா உளுந்து மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்து ஆங்கிலத்தைச் சத்தமாக வாசித்தாள். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம். கேட்டுக் கேட்டு லோடுமேன் ஒருவர் மூட்டையை முதுகில் ஏற்றும்போது "ஹவெவர்" என்று சொல்லித் தம் கட்ட ஆரம்பித்தார். இன்றைக்கும் அவருக்கு மூட்டை கனமாக இருந்தால் அந்த வார்த்தைதான் வருகிறது.

டிசம்பரில் மதுரைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் என் கடையில் உட்கார்ந்து, அவள் மனசில் வைத்திருந்த கல்லூரியின் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். அந்த நாலில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிற, முழு உதவித்தொகை கொடுக்கிற கல்லூரி அது ஒன்றுதான். படித்துக்கொண்டே வந்த நான் ஒரு இடத்தில் நிறுத்தி, அதே வரியை மறுபடியும் படித்தேன். உதவித்தொகைக்குக் கடைசி நாள், மார்க் வெளியாகிற நாளுக்கு மறுநாள். ஒருவர் ஒரே ஒரு பரீட்சையின் மார்க்கைத்தான் அனுப்பலாம்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு, கையில இருக்க பழைய மார்க்க இன்னைக்கே அனுப்பணும். இல்லன்னா புது மார்க்கப் பாக்காமலே அனுப்பச் சொல்லிப் பேர் குடுக்கணும். பாத்துட்டு அனுப்புனா, போய்ச் சேருறதுக்குள்ள அவிய கதவச் சாத்திருவாவ."

"வந்த சரக்க எந்த மண்டிக்காரம்மா வேண்டாம்பான்?"

"இவிய சொல்லுவாவ அண்ணாச்சி. ஒரு நாள் பிந்துனாலும் வேண்டாம்பாவ."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, "அக்டோபர்ல எழுதிருந்தா பாத்தே அனுப்பிருக்கலாம், என்னம்மா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"நான்தான கெடுத்தேன்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

செண்பகா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, பழசயே அனுப்பிருவோம். நாம பாத்தது அதத்தான." அந்தப் பழைய ஆங்கில மார்க்குக்கு முழு உதவித்தொகை கிடைப்பது சந்தேகம் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஆனால் புதுசு அதைவிட மோசமாக இருந்துவிட்டால் அந்தச் சந்தேகம்கூட மிஞ்சாது.

"இந்தத் தடவ நல்லா எழுதிருக்கியாட்டி?"

"போன தடவயும் நல்லா எழுதிருக்கேன்னுதாம்ப்பா சொன்னேன்."

இதற்குள் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துக் கடைப் பருத்தி வியாபாரி எட்டிப் பார்த்து, "பழசயே அனுப்பும்வே. ஒம்ம கண்ணால பாத்தது அதுதான" என்றார். லோடுமேன்கள் தலையாட்டினார்கள். அண்ணாச்சியிடமே அண்ணாச்சியின் வாசகத்தைத் திருப்பிச் சொல்ல ஊரே தயாராக இருந்தது.

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்தாள். "சாம்பிளுக்கு ரெண்டு கேள்வி சொல்லட்டுமாப்பா? நான் என்ன பதில் போட்டேன்னு சொல்லுதேன். அக்கா சரியா இருக்கான்னு பாக்கட்டும்."

"வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சாம்பிளை வேண்டாம் என்று சாம்பிள் அண்ணாச்சி சொல்கிறார். வாசலில் நின்ற டீ மாஸ்டர் கையிலிருந்த டம்ளர் சரிந்தது அவருக்கே தெரியவில்லை.

"வேண்டாம்ட்டி. ஏத்தச் சொல்லு."

"எதப்பா?"

"புதுச. மூடுனபடியே ஏத்தச் சொல்லு."

"ஓய், பாக்காத சரக்குவே!" என்று பருத்தி வியாபாரி அலறினார்.

"சரக்குன்னாத்தான்வே பாக்கணும். இது எம்புள்ள."

கல்லூரியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். இருபது தடவை என் திரையை எட்டிப் பார்த்து இம்சை பண்ணுகிறவர், அன்றைக்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "அனுப்பட்டுமா அண்ணாச்சி?" என்றேன். "ம்" என்றார். ஒரு மனிதன் தன் வாழ்நாள் பிடிவாதத்தை ஒரு "ம்"மில் இறக்கி வைக்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. கடையில் கூட்டம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அடுத்த ரெண்டு வாரம் கோவில்பட்டி பஜார் கண்ட காட்சியை என்னவென்று சொல்ல! அண்ணாச்சி எதையும் ருசி பார்க்கவில்லை. டீயை முழு டம்ளராக வாங்கி அப்படியே குடித்தார். தீப்பெட்டியை வாங்கித் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டார். கடலை மிட்டாய்க்காரர் துண்டை நீட்டியும் கை நீளவில்லை. அவருக்கு உடம்புக்கு என்னமோ என்று துக்கம் விசாரிக்கிற தோரணையில் ஆட்கள் வந்தார்கள். மதினி என் கடைக்கே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவியளுக்கு என்னமோ ஆயிட்டும்மா. நேத்து கொழம்ப நாக்குல வச்சிக்கூடப் பாக்காம அப்படியே சோத்துல ஊத்திட்டாவ. இருவது வருசத்துல இப்படிப் பண்ணுனதே இல்ல."

மார்க் வந்த அன்றைக்கு செண்பகா என் கடையில்தான் இருந்தாள். போனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். ஆங்கிலம் எழுந்து நின்றிருந்தது. கணக்கில் லேசாகச் சரிந்திருந்தாலும், ரெண்டையும் சேர்த்தால் பழையது பக்கத்தில்கூட வர முடியாது. நான் போட்ட கூச்சலில் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் பேப்பரைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். செண்பகா ரோட்டைத் தாண்டி ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"போயிருச்சா?" என்றார் அண்ணாச்சி.

"போயிருச்சுப்பா."

"சரி."

"எவ்வளவுன்னு கேக்க மாட்டீங்களா?"

"நல்லாத்தான இருக்கும்" என்றார். அவள் எண்ணைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல மூட்டைகளுக்குப் பின்னால் போனார். வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது கண் ரெண்டும் சிவந்திருந்தது. "வத்தல் நெடி" என்றார். அன்றைக்குக் கடையில் வத்தல் வரத்தே இல்லை.

அந்தக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது, முழு உதவித்தொகையோடு. ஆடி முடிந்து அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாளே அண்ணாச்சி குத்தூசியைத் தூக்கிவிட்டார். டீ மாஸ்டருக்கு மறுபடியும் தலைவலி. தீப்பெட்டிகள் மறுபடியும் பாதி பாதியாகக் கருகின.

இப்போது தினமும் சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன்னால் என் கடைக்கு வருகிறார். ஜெராக்ஸ் எடுக்க எதுவும் கொண்டுவருவதில்லை. கம்ப்யூட்டரைப் பார்க்கிறார், காற்றாடியைப் பார்க்கிறார், "மழ வருமாம்மா?" என்று கேட்கிறார். முதல் சில நாட்கள், "இப்ப அங்கன மணி என்ன இருக்கும்?" என்றும் கேட்டுப் பார்த்தார். கடையில் ஆள் இருந்தால் கேட்பதற்குக் கூச்சம், கேட்காமல் போவதற்கும் மனசில்லை. நான் சுவரில் என் கடிகாரத்துக்குப் பக்கத்தில் செண்பகா இருக்கிற ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்றை வாங்கி மாட்டினேன். அண்ணாச்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வந்து அண்ணாந்து பார்ப்பார். "எந்திரிச்சிருப்பா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விடுவார். ஏன் இந்தக் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன். அதன் பேட்டரியை மட்டும் நான் தீரவிடுவதில்லை.